கழுவக் கூடாத மூடி

சிவராஜ் ஒரு பழைய சாமானைக் கையில் எடுத்தால் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பான். முன்பக்கத்தைப் பார்த்து மயங்குவது வாங்க வருகிறவர்களின் வேலை, அடிப்பக்கத்தைப் பார்ப்பது தன் வேலை என்பது அவன் நினைப்பு. திருகாணித் தலையில் இருக்கிற பள்ளம் நட்டநடுவில் இருந்தால் மெஷினில் வெட்டியது. ஒரு நூல் தள்ளிப் போயிருந்தால் ரம்பத்தால் கையில் அறுத்தது, நூறு வருஷத்துச் சரக்கு. துரை பங்களாவில் இருந்த கடிகாரம் என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், அதன் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுப்பான்.

“இது துரை வூட்டுது இல்லீங்க. உள்ள பூரா ஊதுவத்தி வாசன. உங்க மாமியாரு வூட்டுது.”

கொண்டுவந்தவரின் முகம் போகிற போக்கைப் பார்க்க அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

தங்கச் சுரங்கத்து ஊரான மைசூர் மைன்ஸில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதற்குள் நடப்பது பாதி ரிப்பேர், பாதி பொய். ரிப்பேர் உண்மையிலேயே நன்றாகச் செய்வான். நின்றுபோன கடிகாரம் ஓடும், நசுங்கின செம்பு எழுந்து உட்காரும். பொய்யை அதைவிட நன்றாகச் செய்வான். புதுப் பித்தளை விளக்கை நவச்சாரத் தண்ணீரில் ஊறப்போட்டு, சைனேட் மேட்டு மண்ணில் பத்து நாள் புதைத்து எடுத்தால் அதற்குத் தொண்ணூறு வயசு ஆகிவிடும். சைனேட் மேடு என்பது சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்தபிறகு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான மலை. ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தெரியும். காற்றடித்தால் சோற்றிலும் தெரியும். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் விளக்கைத் தடவிப் பார்த்து எந்த வருஷத்தது என்று கேட்பார்கள். சிவராஜ் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். அந்த நேரத்தில் அவன் யோசிப்பது மத்தியானக் குழம்பைப் பற்றி.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் கொட்டகையில் ஒரு வாளித் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் மெல்லக் கலங்கிக்கொண்டிருந்தது. குறட்டின் நுனியில் ஒரு பித்தளை மூடி. அதில் இருபத்தெட்டு வருஷமாக இருந்த கை இப்போது இல்லை.

அந்தக் கை அவன் அண்ணனுடையது.

அண்ணன் ஜம்புலிங்கம் சுரங்கத்தில் மேல்பாறை இறங்காமல் இருக்க மரம் முட்டுக்கொடுக்கிற ஆள். ஒருமுறை மரம் நழுவி மோதிர விரலில் பாதி போயிற்று. “மிச்சம் ஒம்போதரை கீது, போதும்” என்று சொல்லிவிட்டு மறுவாரமே ஷிஃப்டுக்குப் போனவர். தாயில்லாமல் பத்து வயசில் கண்டபடி திரிந்த சிவராஜைப் பிடித்து உட்காரவைத்துத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர் கட்டிக்கொண்டு வந்த ரத்தினம்மா. பதினேழு வயசில் சிவராஜுக்கும் சுரங்கத்தில் ஆள் எடுக்கிற பேச்சு வந்தது. டாக்டர் பார்க்கிற அன்று அவன் பேத்தமங்களா ஏரிக்கரையில் போய் ஒளிந்துகொண்டான். கேஜ் கூண்டில் ஏறி இருட்டுக்குள் இறங்குவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அண்ணன் அடிக்கவில்லை. “வுடு. வூட்டுக்கு ஒருத்தன் எறங்குனா போதும்” என்றார். அந்த வருஷமே கீழே பாறை வெடித்தது. அண்ணனை மேலே கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் கழித்து, கூட வேலை பார்த்தவர்கள் அவருடைய சாப்பாட்டு கேரியரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூடியின் மேல் சேற்றுக் கைத்தடம் ஒன்று காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளங்கை, ஐந்து விரல், அதில் ஒன்று பாதி.

ரத்தினம்மா அதைக் கழுவவில்லை. மேகனா அப்போது எட்டு மாசக் குழந்தை. அப்பாவின் போட்டோ என்று வீட்டில் இருந்தது, கோயில் திருவிழாவில் முப்பது பேரோடு எடுத்தது, அதிலும் அவர் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மேகனாவுக்கு அப்பா என்றால் மூடிதான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா மூடியை எடுத்து வைப்பாள். மேகனா அதைத் தொடாமல், ஒரு அரிசி உயரத்தில் தன் கையை நீட்டி அளந்து பார்ப்பாள். ஒன்பதாவது பிறந்தநாளில் விரல்கள் திடுமென்று முக்கால் பங்கு எட்டின. ஒரே வருஷத்தில் எப்படி வளர்ந்துவிட்டாள் என்று சிவராஜே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் அளந்தபோது அவள் கையும் அந்தக் கையும் ஒன்றாக இருந்தன. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பந்தல் போட வந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மேகனா பெங்களூரில். கைக்குழந்தை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். மூடியும் போகிறது. மூடியின் ஓரத்தில் இருந்த கொண்டி விட்டுப்போனதால், ஈயத்தால் பத்துவைக்க ரத்தினம்மா அதை ஒரு பழைய துண்டில் சுற்றி சிவராஜிடம் கொடுத்தாள்.

“கொண்டிய மட்டும் தொடு. கழுவித் தொலைக்காத.”

“இன்னா அண்ணி, எனக்குச் சொல்லணுமா?”

எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தான் தெரியுமா. கையின் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்தான், அனல் படக் கூடாது என்று. ஊதுவிளக்கைத் தள்ளிப் பிடித்தான். மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டான். ஈயம் உருகி, கொண்டி சுத்தமாக ஒட்டியது. அடுத்த நொடி, இருபது வருஷமாக எந்தப் பத்து வைத்தாலும் செய்கிற வேலையைக் கை தானாகச் செய்தது. குறட்டால் தூக்கி, தண்ணீர் வாளியில் முக்கியது.

சொய்ங் என்றது. அவ்வளவுதான்.

அவன் மனைவி பாக்யலட்சுமி காபியோடு வந்தாள். வாளியைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், காபியைக் கீழே வைத்தாள்.

“போய் சொல்லிடுங்க. இப்பவே.”

“இன்னான்னு சொல்றது?”

“கை தவறிடுச்சுன்னு.”

“அண்ணன் கைய தவற வுட்டுட்டேன்னு சொல்லட்டுமா?”

அவனுக்கு ஒரே ஒரு தொழில்தான் தெரியும். புதுசைப் பழசாக்குகிற தொழில். கொட்டகைக் கதவைச் சாத்தினான்.

மேட்டு மண் சாக்கு சாக்காக இருந்தது. அதுவும் கீழேயிருந்து வந்த மண்தானே, அண்ணன் கையில் ஒட்டியதும் கீழே இருந்த மண்தானே, இரண்டும் ஒன்றுதான் என்று அவன் கணக்கு. குழைத்து, ஒரு பழைய மூடியில் தன் கையைப் பதித்தான். மோதிர விரலை மடக்கிக்கொண்டான். காய்ந்ததும் பொரிப் பொரியாக உதிர்ந்தது. கோந்து கலந்தான், வெள்ளையாகப் பூத்தது. காபி டிகாஷன் ஊற்றினான், நிறம் வந்தது, ஆனால் நாலு வீடு தள்ளி வரைக்கும் காபி வாசனை. புளியங்கொட்டைப் பசை போட்டதில்தான் நின்றது. அதற்குள் ஏழு மூடி. ஏழு கை. கொட்டகைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்ததைப் பார்த்தால், உள்ளே யாரோ ஏழு பேர் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அவற்றைத் திருப்பி வைத்தான்.

இன்னொரு தொல்லை. கை பொருந்தவில்லை. பழைய கையின் விரல் நுனிக்கும் மூடி விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது அவனுக்குக் கண்ணில் நிற்கிறது. அவன் கையை வைத்தால் விளிம்பில் போய் இடிக்கிறது. விரலைக் குறுக்கினான், மண்ணைச் சுரண்டினான், எப்படிப் பார்த்தாலும் பெரிசு. அண்ணனின் கை இவ்வளவு சின்னதா? முதுகில் ஒன்று விழுந்தால் மூச்சு நிற்குமே. மூட்டை போல் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போன கையாயிற்றே. அப்புறம் தோன்றியது. அண்ணன் செத்தபோது முப்பத்தொரு வயசு. சிவராஜுக்கு இப்போது நாற்பத்தைந்து. அண்ணனைவிடப் பதினாலு வயசு பெரியவனாகிவிட்டான். தான் சின்னப் பையனாக இருந்து பார்த்ததால்தான் அந்தக் கை பெரிசாகத் தெரிந்திருக்கும். அதை நினைத்ததும் குழைத்த மண்ணுக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு அழுதான். மூக்கைத் துடைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் மண்.

வெள்ளிக்கிழமை ரத்தினம்மா போன் செய்தாள்.

“ஆச்சா?”

“ஈயம் ஆறணும் அண்ணி.”

“நேத்துலருந்தா ஆறுது?”

“இது கொஞ்சம் பழைய மாதிரி ஈயம்.”

“சரி” என்று வைத்துவிட்டாள். இந்த மாதிரிப் பொய்யை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கூசாமல் சொல்கிறவன், போனை வைத்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தான்.

சாயங்காலம் பாக்யலட்சுமி கொட்டகைக்குள் வந்து மூடிகளை எண்ணினாள். பதினொன்று.

“உன் கைய குடு” என்றான் சிவராஜ்.

“இன்னாத்துக்கு?”

அவள் கையை எடுத்து அசல் மூடியின் மேல் பிடித்தான். விளிம்புக்கு இரண்டு விரல் இடம். அச்சாக இருந்தது.

“உங்க அண்ணனுக்கு என் கையா?” என்றாள். “நான் அவர பாத்ததுகூட இல்ல. பாவம் வருமுங்க.”

“எனக்குத்தான் வரும். நீ கைய மட்டும் வை.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை வைத்தாள். எழுந்து போகும்போது கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், குழாயை நிறுத்தவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சிவராஜ் துண்டில் சுற்றிய மூடியை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை வீடு தள்ளி இருக்கிற அண்ணி வீட்டுக்குப் போனான். நடக்கிற தூரம் மூன்று நிமிஷம், அவனுக்கு அரை மணி ஆயிற்று. வீட்டில் மூட்டைகள் கட்டியிருந்தன. ரத்தினம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் ரயிலில் பெங்களூர் போய் கார்மென்ட்ஸில் பதினெட்டு வருஷம் தைத்ததில் அவள் விரல்கள் நண்டுக்கால் மாதிரி மடங்கிக் கிடக்கும். துண்டை அவளே பிரித்தாள்.

பார்த்தாள். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். கொண்டியை ஆட்டிப் பார்த்தாள். சிவராஜ் நின்றபடியே, “கெட்டியா கீது பாருங்க” என்றான்.

ரத்தினம்மா கட்டைவிரல் பக்கத்தில் காய்ந்த மண்ணின் ஓரத்தை நகத்தால் துளி பெயர்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, திரும்பவும் தேய்த்தாள்.

“இது மேட்டு மண்ணு” என்றாள்.

சிவராஜ் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

“மாவாட்டம் கீது. இது மில்லுல அரச்சது. கீழ மண்ணு நறநறங்கும். ஏழு வருசம் அவரு சட்டைய தொவச்சவ நான், எனக்குத் தெரியாதா? எறங்காதவன் நீ, உனக்கு எப்படித் தெரியும்?”

ஊரில் அவன் வயசுக்கு மேல் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவன்தான் கேட்கவில்லை. யாரிடமும் கேட்காமல் பொய்யைப் பண்ணுவதில் அவனுக்கு அவ்வளவு பழக்கம். அவள் எதிரில் உட்கார்ந்தான். வாளி, குறடு, பதினொரு மூடி, பாக்யாவின் கை என்று எல்லாம் கொட்டிவிட்டான். எதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை, அந்தத் தெம்பு இல்லை.

“அடிச்சிடுங்க அண்ணி” என்றான்.

ரத்தினம்மா மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

“பாக்யா கை சரியா இருந்துச்சா?”

“அச்சா இருந்துச்சு.”

“எப்படி இருந்துச்சுன்னு யோசிக்கலையா? ஊரு சாமான பூரா இன்னா வருசம்னு சொல்றவன்தான நீ?”

சிவராஜ் நிமிர்ந்தான்.

“மேகனாவுக்கு எட்டு முடிஞ்ச வருசம் ஒரு மழ பேஞ்சுது பாரு. பரணுக்கு மேல ஓடு ஒடஞ்சு, நேரா மூடி மேலதான் ஒழுவிச்சு. வேலைக்குப் போய் ராத்திரி வரேன், அவரு கரஞ்சு கரேல்னு ஒரு கோடா செவுத்துல எறங்கியிருந்தாரு. மறுநாளு அவ பள்ளிக்கூடம் போனதும் நான்தான் கை வச்சேன்.”

சிவராஜுக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. பத்தொன்பது வருஷம். வருஷா வருஷம் அவன் எதிரில்தான் அந்த மூடி வந்து உட்கார்ந்தது. விழுந்து கும்பிட்டிருக்கிறான். ஒரு நூல் தள்ளிப்போன திருகாணியைக் கண்டுபிடிக்கிறவன், ஒரு கை முழுசாக மாறியதைக் கண்டுபிடிக்கவில்லை. அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அதைப் போய் யார் திருப்பிப் பார்ப்பார்கள்.

“அப்ப மேகனா ஒரே வருசத்துல வளந்துட்டான்னு நான் தெருவெல்லாம்…”

“ஆமா. அடுப்பாண்ட நின்னு வாயில துணிய வச்சு அடச்சிக்கினேன். சிரிப்பா அழுவையான்னு எனக்கே தெரியல.”

சிரிக்க வேண்டிய இடம்தான். இரண்டு பேருக்கும் வரவில்லை. வியாழக்கிழமை தொலைத்தது அண்ணன் கை இல்லை என்பது ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. அண்ணன் கை பத்தொன்பது வருஷம் முன்பே போய்விட்டது, அதற்கு யாருமே அழவில்லை, இந்த ஒருத்தியைத் தவிர, என்பது அடுத்தபடியாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

ரத்தினம்மா கட்டிலுக்கு அடியில் முழங்கையை விட்டு ஒரு சாக்குப்பையை இழுத்தாள். உள்ளே அண்ணன் சுரங்கத்துக்குப் போட்டுப்போன ஒற்றை கம்பூட்ஸ். ரப்பர் வெடித்திருந்தது. அதன் அடிப்பக்கப் பள்ளங்களில் கருஞ்சாம்பலாக மண் இறுகியிருந்தது.

“அப்ப இதுலருந்துதான் எடுத்தேன். இன்னொரு தடவைக்குக் கீது. அதுக்கு மேல இல்ல.”

கொண்டை ஊசியால் சுரண்டினார்கள். இரண்டு ஸ்பூன் தேறியது. சிவராஜ் விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். நறநற என்றது, நடுவில் ஏதோ மினுங்கியது. நாற்பத்தைந்து வயசில் முதல்முறையாகச் சுரங்கத்தைத் தொடுகிறான்.

பாக்யலட்சுமியின் கையை அவன் மூடியிலிருந்து துடைத்து எடுத்தான். “அவள வேணா திரும்பக் கூப்பிடவா?” என்றான்.

“வேணாம். அவரு கை இல்லன்னா அவரு பொண்டாட்டி கை. வேற யாருதும் வாணாம்.”

ஆனால் அவள் விரல்கள் நீளவில்லை. மூடியின் மேல் வைத்தால் கூடாரம் மாதிரி நின்றன. மண் ஒரு தடவைக்குத்தான். அது இறுகத் தொடங்கியது. ரத்தினம்மா பல்லைக் கடித்து அழுத்தினாள், கை படியவில்லை. முதல்முறையாக அவள் முகம் கோணியது. “முடியலடா சிவா” என்றாள். அவனை அவள் டா போட்டுக் கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும்.

சிவராஜ் தன் கையை அவள் கைமேல் வைத்தான். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீட்டினான். ஆள்காட்டி. நடுவிரல். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் கையை எடுக்கவில்லை. மோதிர விரலை மட்டும் விட்டுவிட்டான், அது தானாகவே பாதியில் மடங்கியிருந்தது. சுண்டுவிரல். அப்புறம் மொத்தக் கையையும் மேலிருந்து அழுத்தினான். அவளுக்கு எலும்பு சொடுக்கியது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

“நூறு எண்ணு” என்றாள்.

அவன் எண்ணினான். அறுபதுக்குமேல் வரிசை தப்பிப் போயிற்று. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேகனா காரில் வந்தாள். குழந்தையை சிவராஜ் கையில் கொடுத்துவிட்டு நேராக மூடிக்குத்தான் போனாள். ஒரு அரிசி உயரத்தில் கையை நீட்டினாள். ரத்தினம்மா ஒரு மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கனவே போட்ட முடிச்சு.

“அம்மா, இங்க பாரு. சுண்டுவிரல் பக்கத்துல இன்னொரு விரல் பட்ட மாதிரி ஒரு மார்க் கீதே. முன்னாடி இல்ல.”

“இருந்துச்சு. நீ கவனிக்கல.”

“இல்லம்மா, நான் கவனிக்காததா?” மேகனா திரும்பினாள். “சித்தப்பா, நீங்க கழுவலயே?”

சிவராஜின் கையில் குழந்தை அவன் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் எத்தனை பேரிடம் ஒரிஜினல் என்று சொல்லியிருக்கிறான். அந்த வார்த்தையை மட்டும் இப்போது சொல்லவில்லை.

“எப்பவும் இருந்ததுதாம்மா” என்றான்.

மேகனா அவனையே பார்த்தாள். அப்புறம் அம்மாவின் கையைப் பார்த்தாள். அது வீங்கியிருந்தது. நகக் கண்ணில் கருஞ்சாம்பலாக ஏதோ ஒட்டியிருந்தது. மேகனா குழந்தையின் துணி ஒன்றை எடுத்து மூடியை இரண்டு சுற்றுச் சுற்றி, தன் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கார் புறப்படும்போது ரத்தினம்மா ஜன்னல் வழியாகச் சாக்குப்பையை நீட்டினாள். உள்ளே அந்த ஒற்றை பூட்ஸ்.

“இத நீ வச்சுக்க” என்றாள். “கழுவித் தொலைக்காத.”

வண்டி திரும்பி சைனேட் மேட்டுப் பக்கம் மறைகிற வரைக்கும் அவன் நின்றான். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தான். பள்ளங்களில் ஒன்றும் இல்லை, கொண்டை ஊசி கீறின கோடுகள்தான். வாளி அதே இடத்தில் இருந்தது. வியாழக்கிழமைத் தண்ணீர், அடியில் மெல்லிசாக, அன்று கரைந்த கையின் சாம்பல் வண்டல். பாக்யலட்சுமி அதைக் கொட்டுவதற்குத் தூக்கினாள்.

“வை அத” என்றான் சிவராஜ். “தண்ணி தானா காயட்டும்.”